381 கிராங்க் கேஸில் ஓட்டை: ஒட்டுவதா, வெல்டிங்கா, கேஸையே மாற்றுவதா?

#1 பேராவூரணியான் | ஜூன் 3

வணக்கம். மிஷின் ஸ்டில் எம்எஸ் 381 செயின்சா (மரம் அறுக்கும் மிஷின்), 72.2 சிசி. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது, தோப்பில் படுத்துக் கிடந்த தென்னைகளை அறுக்க ஆளும் கிடைக்காமல் மிஷினும் கிடைக்காமல் அலைந்து வாங்கியது. அதற்கப்புறம் எங்கள் தோப்பு, பங்காளி தோப்பு, கேட்டவர் தோப்பு என்று ஓயாமல் உழைத்துவிட்டது.

போன மாதம் ஒரு கிழட்டு வேப்பமரம். எந்தக் காலத்திலோ எவரோ அடித்த ஆணி அடிமரத்தில் புதைந்து, மேலே பட்டை மூடிக்கிடந்தது. செயின் அதில் பட்டு அறுந்து, ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) பக்கமாகச் சுருண்டு உள்ளே அடித்துவிட்டது. செயின் கேட்சர் (அறுந்த செயினைத் தடுத்துப் பிடிக்கும் துண்டு) உடைந்து ஒரு வருடம் ஆகிறது. மாற்றலாம், மாற்றலாம் என்று விட்டிருந்தேன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம், கை தப்பியது பெரிய விஷயம்.

ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் கிராங்க் கேஸில் (எஞ்சினின் கூடு) சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. அது செயின் ஆயில் டேங்கின் சுவர் என்பதால் ஊற்றிய ஆயில் அத்தனையும் தரையில். பாரை (செயின் ஓடும் நீளத் தகடு) பிடிக்கும் ஸ்டட் இரண்டில் ஒன்று மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஓட்டைக்குள் விரலை விட்டால் மொழுமொழுவென்று இருக்கிறது, மரை இருந்த தடமே இல்லை. சிலிண்டர் பரவாயில்லை. பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மட்டும் லேசாகக் கோடு.

எப்படியும் பிரித்தாயிற்று. பேரிங், சீல், கேஸ்கட் எல்லாம் புதிதாகப் போட்டு முழுசாகக் கட்டிவிடலாம் என்று இருக்கிறேன். இந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைக்கலாமா, ஆர்கான் வெல்டிங் கொடுக்கலாமா, இல்லை கேஸ் செட்டே வாங்கவேண்டியதுதானா? கேஸ் செட் விலையைக் கேட்டேன். கேட்டதோடு சரி.

#2 புதுசுவாங்கு | ஜூன் 3

மரம் விழுந்தால் விறகு, மிஷின் விழுந்தால் காயலான் கடை. இந்தச் செலவுக்குச் சைனா மிஷின் வாங்கி இரண்டு வருடம் ஓட்டிவிட்டுத் தூக்கிப் போடலாம்.

#3 கோத்தகிரிக்காரன் | ஜூன் 3

இவர் எல்லா இழையிலும் இதையேதான் சொல்வார், விடுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் கிளை கழிக்கிற வேலை எனக்கு. நான்கு மிஷின் ஓடுகிறது, நான்கிலும் கேஸில் எங்காவது ஒட்டுப் போட்டிருக்கிறேன். ஆயில் டேங்க் சுவரில் அழுத்தம் கிடையாது, ஆயில் சும்மா நிற்கிறது, அவ்வளவுதான். அங்கே எபாக்சி தாராளமாகத் தாங்கும். ஆனால் எம்சீல் வேண்டாம். அது தண்ணீர்க் குழாய்க்குச் சரி. இந்த இடம் அதிர்கிறது, ஆயிலில் ஊறிக்கொண்டே இருக்கிறது. இரும்புத்தூள் கலந்த எபாக்சி, ஜேபி வெல்டு போல ஒன்று, ஆன்லைனில் கிடைக்கிறது.

வெறும் ஓட்டையில் அப்பினால் நிற்காது. விளிம்பை உள்ளும் புறமும் சரிவாக அராவுங்கள். 80ஆம் நம்பர் எமெரியில் சுற்றிலும் ஒரு அங்குலம் சொரசொரப்பாக்குங்கள். உள்பக்கமாக ஒரு சின்ன அலுமினியத் தகட்டை வளைத்து எபாக்சியோடு ஒட்டி, காய்ந்த பிறகு வெளியிலிருந்து நிரப்புங்கள். துடைப்பது அசிட்டோனில், பெட்ரோலில் அல்ல. பெட்ரோல் காய்ந்தால் பிசுக்கு நிற்கும். ஒரு நாள் முழுக்கக் கை வைக்காதீர்கள்.

#4 லேத்_சிங்காநல்லூர் | ஜூன் 3

தம்பி, ஓட்டை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறீர்கள். அது பத்து ரூபாய் வேலை. நான் கேட்பது வேறு. பேரிங் உட்காரும் குழியைப் பார்த்தீர்களா? பிஸ்டனில் சைலன்சர் பக்கம் கோடு என்று எழுதியிருக்கிறீர்கள். அது செயின் அடித்ததால் வந்ததல்ல. ஏற்கெனவே எங்கிருந்தோ காற்று இழுத்திருக்கிறது, மிஷின் வறண்டு ஓடியிருக்கிறது.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் வெறும் கூடு இல்லை, அதுவே ஒரு பம்பு. பிஸ்டன் மேலே போனால் உறிஞ்சுகிறது, கீழே வந்தால் தள்ளுகிறது. கார்புரேட்டரின் சவ்வு துடிப்பதும் அந்தக் காற்றில்தான். அந்த அறைக்குள் மயிரிழை வழி இருந்தாலும் கலவையில் காற்று கூடும், பெட்ரோலோடு வரும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலின் பங்கு குறையும், பிஸ்டன் கீறிக்கொள்ளும். ஆயில் டேங்க் ஒழுகினால் தரைதான் அழுக்காகும்.

ஆகவே இரண்டு பாதியையும் எடுத்து, பேரிங் வெளிவட்டத்தைக் கட்டைவிரலால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், கேஸைச் சூடாக்கி மறுபடி சுற்றுங்கள்.

#5 பேராவூரணியான் | ஜூன் 4

அண்ணே, கிளட்ச் பக்கப் பாதியில் பேரிங் குளிர்ந்தபோது அசையவில்லை. வெயிலில் கிடந்த தகரத்தின் மேல் ஒரு மணி நேரம் வைத்தேன். அப்போதும் இல்லை. ஹாட் ஏர் கன் வைத்து எச்சில் தொட்டால் சுர் என்னும் அளவுக்குச் சூடாக்கினேன். மரப்பிடியால் வெளிவட்டத்தை நெம்பினால் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது! கழற்றிப் பார்த்தால் குழியின் சுவர் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, அடியில் கறுப்பு மாவு.

மேக்னெட் பக்கம் (கிளட்ச்சுக்கு எதிர்ப்பக்கப் பாதி) நன்றாக இறுக்கமாக இருக்கிறது.

இது தெரியாமல் எம்சீலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

#6 சேலம்_உலோகம் | ஜூன் 4

மெட்டலர்ஜி படிக்கிறேன், செயின்சா பிடித்ததில்லை. இருந்தாலும் சூடாக்கினால் ஏன் சுற்றுகிறது என்பதற்குக் கணக்குச் சொல்லலாம், அண்ணா.

இந்த வகைக் கேஸ்கள் மெக்னீசியக் கலவை வார்ப்பு. பெரும்பாலும் ஏஇசட்91, அதாவது சுமார் 9 சதவீதம் அலுமினியம், 1 சதவீதம் துத்தநாகம். மெக்னீசியக் கலவை ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்கு 26 மைக்ரான் விரிகிறது, பேரிங் எஃகு 12 மைக்ரான்தான். 40 மி.மீ. வெளிவட்டம் உள்ள பேரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் 100 டிகிரி ஏறினால் குழி 0.10 மி.மீ. விரியும், பேரிங் 0.05 மி.மீ. விரியும். குளிர்ந்தபோது இருக்கும் இறுக்கத்தில் 0.05 போய்விடுகிறது. புதுக் கேஸில் அதைத் தாங்கும் இறுக்கம் வைத்துத்தான் கடைந்திருப்பார்கள். தேய்ந்த கேஸில் அந்த இருப்பு இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். பேரிங்கைத் தட்டாமல் சூடாக்கி இறக்குவதும் இதே கணக்குதான்.

#7 லேத்_சிங்காநல்லூர் | ஜூன் 4

பாப்பா சொன்னது சரி. நாற்பது வருடமாகக் கையால் செய்துகொண்டிருப்பதை நான்கு வரியில் எழுதிவிட்டது.

#8 கருவேலங்காடு | ஜூன் 4

இவ்வளவு யோசனை எதற்கு? குழிக்குள் சென்டர் பஞ்ச் வைத்துச் சுற்றிலும் இருபது பொட்டு அடித்தால் பேரிங் கிண்ணென்று உட்காரும். எங்கள் பக்கம் பட்டறையில் மோட்டார் கவர், பைக் கேஸ் எல்லாம் அப்படித்தான்.

#9 லேத்_சிங்காநல்லூர் | ஜூன் 5

மோட்டார் கவர் வார்ப்பிரும்பு, அதுவும் நிமிடத்துக்கு 1440 சுற்று. இது பத்தாயிரத்தைத் தாண்டும். மெக்னீசியம் அதைவிட மிருது. நீங்கள் அடிக்கும் பொட்டு ஒவ்வொன்றும் ஓர் ஊசிமுனை, பேரிங் அந்த முனைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஒரே நாளில் முனை மழுங்கிப் பழையபடி சுற்றும். அதைவிட மோசம், ஒரு பக்கம் பொட்டு உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருந்தால் கிராங்க் மையம் தள்ளிப்போகும். பொட்டு அடித்துக் கொடுத்த மிஷின் என் பட்டறைக்குத் திரும்பி வராமல் இருந்ததில்லை. நானும் என் இளவயதில் அடித்தவன்தான், அதனால் கோபமாகச் சொல்லவில்லை.

பேராவூரணி தம்பி, குழியின் விட்டத்தை அளந்து போடுங்கள். வெர்னியர் போதாது, போர் கேஜ் வேண்டும். கடிகார முகம் போல 12-6, 3-9 இரண்டு திசையிலும் அளக்கவேண்டும். வித்தியாசம் எவ்வளவு என்பதில்தான் முடிவு இருக்கிறது.

#10 ஆர்கான்_கரூர் | ஜூன் 5

வெல்டிங் என்று கேட்டதால் எழுதுகிறேன். பஸ் பாடிப் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் என் தொழில்.

முதலில் கையில் இருப்பது அலுமினியமா மெக்னீசியமா என்று தெரிய வேண்டும். பெயின்டைச் சுரண்டிவிட்டு ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மெக்னீசியம் என்றால் பொசுபொசுவென்று நுரை கிளம்பும். அலுமினியம் சும்மா இருக்கும். கையில் தூக்கினாலே பாதி தெரியும், மெக்னீசியத்தின் எடை அலுமினியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான்.

ஊருக்கு ஊர் நடக்கும் தவறு, அலுமினிய ராடு போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுவது. பார்க்க அழகாக இருக்கும். இரண்டும் கலக்கும் இடம் கண்ணாடி போல நொறுங்கும். போன வருடம் ஒருவர் அப்படி ஒட்டிய கேஸைக் கொண்டுவந்தார், நான் டேபிளில் வைத்த சத்தத்துக்கே ஒட்டு வாய் பிளந்தது. மெக்னீசியத்துக்கு மெக்னீசிய ராடுதான், ஏஇசட்61 அல்லது ஏஇசட்92. ஏசி கரண்டில் ஓட்ட வேண்டும். அந்த ராடு எல்லாக் கடையிலும் இருக்காது, ஆகவே கொடுப்பதற்கு முன்னால் 'என்ன ராடு?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் கேஸை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ராடு சரியாக இருந்தாலும் பழைய கேஸ் ஆயில் குடித்திருக்கும். முதல் ஓட்டம் கறுப்பாகக் கொப்பளிக்கும். அராவி எடுத்து மறுபடி ஓட்ட வேண்டும், சில சமயம் மூன்று தரம். அவ்வளவு சூடு வாங்கினால் கேஸ் முறுக்கிக்கொள்ளும். பழைய பேரிங்கை உள்ளே போட்டு இரண்டு பாதியையும் சேர்த்து முறுக்கிவிட்டுத்தான் நான் நெருப்பே வைப்பேன். பேரிங் குழிக்கு ஓரிரண்டு அங்குலத்துக்குள் ஒட்டச் சொன்னால் மறுத்துவிடுவேன். உங்கள் ஓட்டைக்கு வெல்டிங் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். வந்த வேலையை வேண்டாம் என்கிறேன் பாருங்கள்.

#11 வன்னியூர் | ஜூன் 6

வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். ஒரு விசயத்தை ஒருவரும் சொல்லவில்லை என்றபடியால் சொல்கிறேன்: தூள்.

எங்கட கராச்சில் ஒரு பெடியன் இதே மாதிரிக் கேஸ் ஒன்றைக் கிரைண்டரில் பிடித்து ஓட்டையின் விளிம்பைச் சரிவாக்கிக்கொண்டு இருந்தான். தூள் கீழே தகரத் தட்டில் சாம்பல் மாதிரி விழுந்து குவிந்தது. பிறகு அதே கிரைண்டரில் இரும்புப் போல்ட் ஒன்றைப் பிடித்தான். ஒரு பொறி தட்டில் விழுந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பாக ஒரு புள்ளி ஊர்ந்தது, பீடி நுனி மாதிரி. அவன் குனிந்து ஊதினான். அடுத்த கணம் வெள்ளை வெளிச்சம். நெருப்பு என்று சொல்ல முடியாது, வெல்டிங்கை வெறுங்கண்ணால் பார்த்த மாதிரி. கராச்சின் கூரைச் சிலந்திவலை எல்லாம் பகல் போலத் தெரிந்தது. வாளித் தண்ணீரைத் தூக்கினவனைக் கத்தித் தடுத்தோம். எரிகிற மெக்னீசியத்தில் தண்ணீர் பட்டால் ஐதரசன் கிளம்பி வெடிக்கும். வாசலில் சீமெந்து வேலைக்குக் குவித்திருந்த மணல், நல்ல காலம், காய்ந்து கிடந்தது. ரெண்டு சவல் அள்ளிப் போட்டு மூடினோம். மணலுக்குள்ளே கனநேரம் கனன்றுகொண்டு இருந்தது.

கட்டியாக இருக்கும் கேஸ் லேசில் பற்றாது, பயப்பட வேண்டாம். தூளும் சுருளும்தான் பற்றும். கை அரத்தால் அராவுங்கள், தூளை அவ்வப்போது கூட்டி வெளியே கொண்டுபோங்கள், பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வையுங்கள்.

#12 புதுசுவாங்கு | ஜூன் 6

நான் அப்போதே சொன்னேன். வெடிகுண்டையெல்லாம் வீட்டில் வைத்து ரிப்பேர் பண்ணிக்கொண்டு.

#13 நெறியாளர் | ஜூன் 6

சைனா மிஷின் பற்றிய ஆறு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். சண்டையை அங்கே தொடரவும்.

#14 பேராவூரணியான் | ஜூன் 9

பட்டுக்கோட்டையில் எஞ்சின் ரீபோர் பண்ணும் பட்டறையில் போர் கேஜ் இருந்தது. அளந்து கொடுத்தார், டீ வாங்கிக் கொடுத்தேன், கணக்கு முடிந்தது.

கிளட்ச் பக்கக் குழி, புதுப் பேரிங்கைவிட ஒரு திசையில் 0.06 மி.மீ. பெரிது, மறு திசையில் 0.05. மேக்னெட் பக்கம் பேரிங்கைவிட 0.02 சிறிது, அதாவது ஒழுங்காக இருக்கிறது.

வன்னியூர் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுக் கிரைண்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

#15 லேத்_சிங்காநல்லூர் | ஜூன் 9

பிழைத்தீர்கள். இரண்டு திசைக்கும் நடுவே ஒரு சென்டி வித்தியாசம்தான் (பட்டறை பாஷையில் சென்டி என்றால் 0.01 மி.மீ., ஸ்கேல் எடுத்துக்கொண்டு வராதீர்கள்). சீராகத் தேய்ந்திருக்கிறது, முட்டை வடிவம் ஆகவில்லை. முட்டையாகியிருந்தால் குழியைக் கடைந்து ஸ்லீவ் (உள்ளே இறுகும் வளையம்) போடவேண்டும். அதற்கு இரண்டு பாதியையும் டவல் பின்னோடு (இரண்டு பாதியையும் நேராக நிறுத்தும் முளை) சேர்த்துக் கட்டி, ஒரே பிடியில் கடைய வேண்டும். ஒரு பாதியைத் தனியாக லேத்தில் பிடித்துக் கடைந்தால் இரண்டு குழியும் ஒரே கோட்டில் வராது. கம்பெனியிலும் ஜோடியாகத்தான் கடைகிறார்கள். வேறொரு மிஷினின் பாதியை வாங்கி இதோடு சேர்ப்பதும் அதனால்தான் வேண்டாம் என்பது. போல்ட் எல்லாம் பொருந்தும், சிலிண்டர் உட்காரும் தளத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் படி விழும்.

உங்களுக்கு லாக்டைட் 638 பசை போதும். 0.25 மி.மீ. இடைவெளி வரை தாங்கும். அதற்கு மேல் என்றால் 660, அரை மில்லி வரை. ஆனால் உங்கள் அளவுக்கு அது வேண்டாம்.

எல்லோரும் தவறு செய்யும் இடத்தைச் சொல்கிறேன். இந்த வகைப் பசை காற்று இல்லாத இடத்தில், இரும்பு, செம்பு போன்ற உலோகம் பட்டால்தான் சீக்கிரம் இறுகும். மெக்னீசியம் அதைத் தூண்டாது. பேரிங் எஃகு என்பதால் ஒரு பக்கம் வேலை நடக்கும், மெதுவாக நடக்கும். ஆக்டிவேட்டர் ஸ்ப்ரே கிடைத்தால் குழிக்குள் அடியுங்கள். இல்லையென்றால் ஒரு முழு நாள் விடுங்கள்.

இரண்டாவது, மையம். பேரிங்கை மட்டும் ஒட்டிக் காயவிட்டு மறுநாள் கிராங்க் போட்டால், பேரிங் எந்தப் பக்கம் சாய்ந்து இறுகியதோ அப்படியே நிற்கும். பசை ஈரமாக இருக்கும்போதே கிராங்க், கேஸ்கட், மறுபாதி எல்லாம் போட்டுப் போல்ட்டை முறுக்கிவிடுங்கள். மேக்னெட் பக்கம் கெட்டியாகப் பிடித்திருப்பதால் கிராங்க் அதை ஒட்டித் தானாக மையத்துக்கு வரும். அப்படியே காயட்டும். சீல்கள் வெளியிலிருந்து போடுபவை, மறுநாள் போடலாம்.

பூச்சு மெல்லிசாக இருக்கட்டும். வழிந்து குண்டுகளுக்குள் இறங்கினால் பேரிங் போய்விட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

#16 கோத்தகிரிக்காரன் | ஜூன் 10

அண்ணே, பின்னால் எப்போதாவது பேரிங் மாற்றவேண்டி வந்தால் 638 விடுமா?

#17 லேத்_சிங்காநல்லூர் | ஜூன் 10

சூடு வைத்தால் விடும், கொஞ்சம் அதிகச் சூடு கேட்கும். கழற்றுவது உறுதி என்றால் 641 போடலாம், அதற்குப் பிடி குறைவு. இந்தத் தம்பி மிஷினை நடத்தும் லட்சணத்துக்கு 638தான்.

#18 பேராவூரணியான் | ஜூன் 10

ஒரு கேட்சர் மாற்றாததற்கு எத்தனை நாள்தான் அண்ணே!

ஸ்டட் ஓட்டைக்கு ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக வைக்கும் கம்பிச் சுருள்) போடலாமா?

#19 லேத்_சிங்காநல்லூர் | ஜூன் 10

போடலாம், ஆனால் பார் ஸ்டட்டில் இழுவை அதிகம், அடிக்கடி நட்டை முறுக்கித் தளர்த்துகிறோம். கம்பிச் சுருளைவிட, வெளியே பெரிய மரையும் உள்ளே ஸ்டட்டின் மரையும் வெட்டிய கெட்டிப் புஷ் நல்லது. எந்த லேத்திலும் எஃகில் கடைந்து கொடுப்பார்கள். பழைய ஸ்டட்டையே கொண்டுபோய், மரை கேஜ் வைத்துப் பிட்ச் பார்த்துக் கடையச் சொல்லுங்கள். ஞாபகத்தில் சொல்லாதீர்கள். அந்த ஓட்டை ஆயில் டேங்குக்குள் திறக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். திறந்தால் மரையில் சீலன்ட் தடவாமல் போடக்கூடாது.

கை டிரில் வேண்டவே வேண்டாம். பில்லர் டிரில்லில், பார் படியும் முகத்தை மட்டமாக வைத்து நேர்குத்தாக இறக்க வேண்டும். ஸ்டட் ஒரு நூல் சாய்ந்தால் பாரும் சாயும், செயின் ஒரு பக்கமாகவே தின்னும். டேப் போடும்போது அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால்.

#20 சேலம்_உலோகம் | ஜூன் 10

எஃகுப் புஷ் போடுவதால் ஒரு சின்னச் சேர்க்கை. மெக்னீசியமும் எஃகும் தொட்டுக்கொண்டு இருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் மெக்னீசியம்தான் கரையும். கடற்காற்று உள்ள ஊரில் இன்னும் வேகமாக. போல்ட் தலையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். புஷ்ஷைச் சுற்றி எபாக்சியோ சீலன்ட்டோ தடவி உள்ளே ஈரம் போகாமல் செய்யுங்கள். சுரண்டிய இடத்திலெல்லாம் பெயின்ட் அடியுங்கள்.

#21 பேராவூரணியான் | ஜூன் 17

அறிக்கை.

ஓட்டை: கோத்தகிரி அண்ணன் சொன்னபடி உள்ளே தகடு, வெளியே எபாக்சி. டேங்கில் ஆயில் ஊற்றிச் செய்தித்தாளின் மேல் இரண்டு இரவு வைத்தேன். தாளில் ஒரு பொட்டு இல்லை.

ஸ்டட்: லேத்தில் புஷ். கடைந்து கொடுத்தவர் "எதுக்குப்பா இது?" என்று கேட்டு, மிஷின் கதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் காசு வாங்கினார்.

கேஸ் கட்டியது: மேக்னெட் பக்கப் பாதியைச் சூடாக்க வீட்டில் கேக் சுடும் ஓடிஜி. 140 டிகிரியில் இருபது நிமிடம். பேரிங்கை முந்தின இரவே ஃபிரீசரில் வைத்திருந்தேன். வெளியே எடுத்து வைத்ததும் 'தொப்' என்று தானாக விழுந்து அடியில் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தரம் செய்யலாம் போலிருந்தது. சுத்தியல் எடுக்கவே இல்லை. மூன்று தரம் கழுவித்தான் கேஸை உள்ளே வைத்தேன், இருந்தும் ஓடிஜியில் இன்னும் 2டி ஆயில் வாடை அடிக்கிறது. வீட்டில் பேச்சு வார்த்தை குறைவாக இருக்கிறது.

கிளட்ச் பக்கம் 638 தடவி, பேரிங் கையாலேயே இறங்கியது. ஈரத்திலேயே எல்லாவற்றையும் சேர்த்து முறுக்கி, கிராங்க்கை விரலால் சுற்றினால் லேசாக ஓடியது. ஒன்றரை நாள் விட்டேன். அப்புறம் சீல்கள், புது பிஸ்டன், சிலிண்டர்.

ஸ்டார்ட் பண்ணட்டுமா?

#22 கோத்தகிரிக்காரன் | ஜூன் 17

கயிற்றில் கை வைக்காதீர்கள்! முதலில் காற்றுச் சோதனை.

பிளக்கை முறுக்குங்கள். சைலன்சர் வாயில் பழைய டியூப் ரப்பரை வைத்துச் சைலன்சராலேயே இறுக்குங்கள். கார்புரேட்டர் பக்கமும் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, இம்பல்ஸ் (கார்புரேட்டர் சவ்வுக்குக் கேஸின் காற்றுத் துடிப்பு போகும் துளை) வழியாகப் பம்பைச் சேருங்கள். பைக் பிரேக்குக்கு வரும் கை வாக்குவம் பம்பு போதும். 0.5 பார் அழுத்தம் ஏற்றினால் 20 விநாடியாவது அப்படியே நிற்க வேண்டும். அதேபோல் 0.5 பார் உறிஞ்சுங்கள். 20 விநாடியில் ஊசி 0.3க்குக் கீழே இறங்கக்கூடாது. இரண்டும் செய்யவேண்டும், ஒன்று போதாது. சீலின் உதடு அழுத்தத்தில் பிடிக்கும், உறிஞ்சினால் விட்டுவிடும். செய்யும்போது கிராங்க்கை மெதுவாகச் சுற்றுங்கள்.

#23 பேராவூரணியான் | ஜூன் 19

போயிற்று. உறிஞ்சினால் பத்து விநாடியில் ஊசி பூஜ்யத்துக்கு வருகிறது. பம்பு, டியூப், ரப்பர் எல்லாம் மாற்றிப் பார்த்தேன், அதே கதை. 638 போட்ட பக்கம்தான் ஒழுகுகிறதோ என்று வயிற்றைக் கலக்குகிறது. மறுபடி பிரிக்கவா?

#24 லேத்_சிங்காநல்லூர் | ஜூன் 19

பிரிக்காதீர்கள். பேரிங் காற்றை அடைப்பதில்லை, சீல்தான் அடைக்கிறது. அழுத்தம் ஏற்றி, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வோர் இடமாகத் தடவுங்கள். முதலில் சிலிண்டரின் அடியில், இரண்டு பாதியும் சேரும் கோடு வந்து முட்டும் இடம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கேஸ்கட்டை எப்படி வெட்டினீர்கள்?

#25 பேராவூரணியான் | ஜூன் 19

பிளேடால். துருத்திக்கொண்டு இருந்தது, சிலிண்டர் மட்டமாக உட்கார வேண்டுமே என்று நன்றாக உள்ளே தள்ளி...

ஓ.

#26 பேராவூரணியான் | ஜூன் 20

அங்கேதான். பின்பக்கம், கார்புரேட்டருக்கு அடியில், சோப்பு நுரை கடுகு கடுகாகக் கிளம்பியது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் கேஸ்கட் தளத்துக்குக் கீழே அரை மில்லி பள்ளமாக இருக்கிறது. மேலே சிலிண்டர் கேஸ்கட், கீழே பள்ளம், நடுவில் காற்றுக்கு ராஜபாட்டை. பேரிங் குழியை சென்டிக் கணக்கில் அளந்துவிட்டு இங்கே பிளேடால் கோட்டைவிட்டிருக்கிறேன்.

#27 கோத்தகிரிக்காரன் | ஜூன் 20

எல்லோரும் ஒரு தரம் அப்படி வெட்டியவர்கள்தான். கேஸ்கட்டைத் தளத்தோடு தளமாகத்தான் வெட்டவேண்டும், பிளேடைப் படுக்கவைத்து. இப்போது பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்து, சூடும் பெட்ரோலும் தாங்கும் சீலன்ட் ஒரு அரிசி அளவு இரண்டு இடத்திலும் வைத்து, சிலிண்டர் கேஸ்கட் புதிதாகப் போட்டு முறுக்குங்கள். அரிசிக்கு மேல் வேண்டாம், வழிந்தது உள்ளே விழும்.

#28 பேராவூரணியான் | ஜூன் 22

உறிஞ்சல் 0.5. இருபது விநாடி கழித்து 0.48. போனில் டைமர் வைத்து மூன்று தரம் பார்த்தேன். அழுத்தம் அசையவே இல்லை.

லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் கலந்து, ஆறாவது இழுப்பில் பிடித்தது. பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் வேலி தாண்டிப் போயிற்று. பதினைந்து நிமிடம் ஐடிலிலும் பாதி வேகத்திலும் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி சோதித்தேன். அப்போதும் அதே 0.48.

புதுசுவாங்கு அவர்களே, ஒரு நாள் பேராவூரணி பக்கம் வாருங்கள், இளநீர் வெட்டித் தருகிறேன்.

#29 புதுசுவாங்கு | ஜூன் 22

வருகிறேன். என் மிஷினையும் கொண்டுவரவா? கிளட்ச் பக்கம் ஏதோ சத்தம் வருகிறது.

#30 வன்னியூர் | ஜூலை 2

கேட்சர் போட்டாச்சோ?

#31 பேராவூரணியான் | ஜூலை 2

போட்டாச்சு அண்ணா. இரண்டு வாங்கினேன், ஒன்று பெட்டியில் இருக்கிறது.

#32 பேராவூரணியான் | செப்டம்பர் 11

இழையைத் தேடி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். இதுவரை நாற்பது டேங்க் பெட்ரோலுக்கு மேல் ஓடியிருக்கிறது, பெரும்பாலும் தென்னை, இரண்டு புளியமரம். நேற்று கிளட்ச்சைக் கழற்றி (இடமரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும், மறந்து இறுக்கிவிடாதீர்கள்) கிராங்க்கை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். அசைவு இல்லை. சைலன்சரை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்ததில் பிஸ்டனில் கடைந்த கோடுகள் அப்படியே இருக்கின்றன. எபாக்சி ஒட்டின் ஓரத்தில் பெயின்ட் மட்டும் உரிகிறது, ஆயில் கசியவில்லை. பெயின்ட் டப்பா வாங்க வேண்டும்.

ஓடிஜி இப்போது என் பட்டறையில்தான் இருக்கிறது. வீட்டுக்குப் புதிது வாங்கிக் கொடுத்தாயிற்று. அந்தச் செலவையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.